ரிட்டயர் ஆன பிறகு மிஷனரியாக வெளிநாடு போகும் தம்பதிக்கு அங்கே ஒட்டுமா?

அறுபதைத் தாண்டியவர்கள், சபை மூலமாக ஆப்பிரிக்காவுக்கு ஊழியத்துக்குப் போக யோசிக்கிறோம், சாப்பாடும் மொழியும்தான் பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். இருவரும் மலாவியில் பிளான்டயர் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி வளாகத்தில் சில வருஷம் இருந்தோம்.

சாப்பாட்டை விடுங்கள். வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டும் ந்சீமாதான் அங்கே மதியமும் ராத்திரியும், நம்மூர்க் களி மாதிரி, வலது கையால் உருட்டித் தொட்டுச் சாப்பிட வேண்டியதுதான். ஏரியில் பிடித்துக் காயவைத்த உசிபா என்ற பொடிமீன் சந்தையில் குவிந்து கிடக்கும். துவரை அங்கேயே விளைகிறது, இந்தியாவுக்கே ஏற்றுமதி ஆகிறது, அதனால் சாம்பாருக்குக் குறைவில்லை. மொழியும் பரவாயில்லை, படித்தவர்கள் ஆங்கிலம் பேசுவார்கள், ஆனால் உள்ளூர் மொழியான சிச்சேவாவில் நலம் விசாரிக்க மட்டுமாவது கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். யாரிடமும் எடுத்த எடுப்பில் விஷயத்துக்குப் போக முடியாது. வீட்டு வாசலில் நின்று 'ஓடி', அதாவது உள்ளே வரலாமா, என்று குரல் கொடுத்து, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, எல்லாரையும் விசாரித்து முடித்த பிறகுதான் வந்த காரியம்.

உண்மையில் கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. எனக்கு முதல் வாரமே வார்டில் வேலை இருந்தது, இவருக்கு ஒன்றுமில்லை. நாற்பது வருஷம் கரும்பலகை முன்னால் நின்ற மனுஷர், கரண்ட் இல்லாத வீட்டில் நான் வரும் வரை வராந்தாவில் உட்கார்ந்திருப்பார், வந்ததும் அரிசியில் கல் இருக்கிறது என்று ஆரம்பிப்பார். ஊரில் அவரவர்க்கு சொந்தபந்தம், கடைத்தெரு, சபைக் கமிட்டி என்று இருக்கும், அங்கே இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். அப்புறம் பள்ளிக் கடைசி வகுப்பான நாலாம் ஃபார்ம் பிள்ளைகள் எம்எஸ்சிஇ என்ற பள்ளியிறுதிப் பரீட்சைக்குக் கணக்கு சொல்லித்தரக் கேட்டு வந்தார்கள், வீடு அமைதியானது. ஆகவே அனுப்புகிறவர்களிடம் கணவனுக்கு என்ன வேலை, மனைவிக்கு என்ன வேலை என்று தனித்தனியாகக் கேளுங்கள். 'கூட இருந்து உதவுவார்' என்று பதில் வந்தால் டிக்கெட் எடுக்காதீர்கள்.

இன்னொன்று, நாம் போய்த்தான் அங்கே விசுவாசம் வளரவேண்டும் என்ற நினைப்பிருந்தால் இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள். பிளான்டயர் மிஷன் 1876-ல் ஸ்காட்லாந்துக்காரர்கள் தொடங்கியது, செயின்ட் மைக்கேல் தேவாலயம் 1891-லேயே கட்டி முடிந்துவிட்டது. பாட்டிலும் ஜெபத்திலும் நம்மை மிஞ்சுவார்கள். எனக்கு மேலதிகாரி என் மகளைவிடச் சின்னவள், என்னை 'அகோகோ' என்பாள், அதாவது பாட்டி. காகிதம் கொடுக்கும்போது லேசாக முழங்கால் மடக்குவாள், ஆனால் டியூட்டி லிஸ்ட் அவள் போட்டதுதான். வயதுக்கு அந்த ஊரில் மரியாதை அதிகம், அதை அதிகாரம் என்று எடுத்துக்கொள்கிற பெரியவர்கள்தான் அங்கே சிரமப்படுகிறார்கள்.

எங்களைச் சேர்த்துக்கொண்டது துக்க வீடுகள்தான். யாராவது இறந்தால் அக்கம்பக்கம் வேலையைப் போட்டுவிட்டுப் போய்விடும். பெண்கள் இடுப்பில் சிடென்ஜே துணி சுற்றி, உள்ளே தரையில் இரவெல்லாம் உட்கார்ந்து பாடுவார்கள், ஆண்கள் வெளியே. முட்டி வலியோடு நானும் போய் உட்கார்ந்தேன், வார்த்தை புரியாவிட்டாலும் பல ராகங்கள் நம் ஞாயிறு ஆராதனையில் கேட்டவையே. ஊரில் என் அண்ணன் இறந்தபோது அடக்கத்துக்கு வந்து சேர வழியில்லை. அன்று சாயங்காலம் அந்தப் பெண்கள் மாவும் விறகும் தூக்கிக்கொண்டு வந்து என் வீட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். உறவை விட்டு இத்தனை தூரம் வந்தோமே என்று அதுவரை இருந்த குடைச்சல் பாதி அன்றோடு போனது. மீதிப் பாதி போகவில்லை, பேரப்பிள்ளைகளை வாட்ஸ்அப்பில் பார்க்கும்போதெல்லாம் வரும்.

மற்றது சில்லறை விஷயம். மலேரியா நம் வயதில் ஆளைச் சாய்த்துவிடும், கொசுவலைக்குள்தான் தூங்க வேண்டும், காய்ச்சல் என்றால் அன்றே ரத்தம் பாருங்கள். பிரஷர், சுகர் மாத்திரைக்கு ஊரிலேயே ஏற்பாடு செய்யுங்கள், மருத்துவக் காப்பீட்டில் வயது வரம்பு என்ன என்று பாருங்கள். பென்ஷன்காரர் என்றால் உயிர்வாழ் சான்றை வெளிநாட்டிலிருந்து எப்படிக் கொடுப்பது என்று கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள், மலாவியில் இந்தியத் தூதரகம் லிலாங்வேயில் இருக்கிறது, பிளான்டயரிலிருந்து போய்வர ஒரு நாள் சரியாகப் போய்விடும்.