கேளுங்கள், சொல்கிறேன்: கிரெனடா போகிறவர்களுக்கு

மகள் வயிற்றுப் பேத்தி கிரெனடாவில் டாக்டருக்குப் படிக்கிறாள். நானும் அவள் ஐயாவும் போய்ப் பார்க்க ஆசை. விசாவே வேண்டாம் என்கிறார்களே, நிஜமா?
– ஓர் ஆயா, தேவகோட்டை

நிஜம்தான் ஆச்சி. நம் பாஸ்போர்ட்டோடு சுற்றிப் பார்க்கப் போகிறவர்களிடம் கரீபியன் தீவு நாடான கிரெனடா முன்கூட்டி விசா கேட்பதில்லை. திரும்பி வரும் டிக்கெட்டும் தங்கும் விலாசமும் கையில் இருந்தால் சரி. வழியில்தான் சிக்கல். நியூயார்க்கிலோ மயாமியிலோ வெறுமனே விமானம் மாறுவதாக இருந்தாலும் அமெரிக்க விசா வேண்டும். லண்டன் வழி என்றால் பிரிட்டனின் டிரான்சிட் விசா. ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறுகிற டிக்கெட்டை மலிவு என்று எடுத்துவிடாதீர்கள். இந்த வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லண்டனைத் தாண்டி அலைய முடியாது. டிக்கெட் போடும் தம்பி போகிற நாட்டின் விசாவை மட்டும் பார்த்திருப்பார், மாறுகிற நாட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

டிரினிடாட் வழி திரும்பினால் இங்கே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடலாம். ஆனால் 60 வயதைத் தாண்டியவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. என்னைக் கேட்டால் அந்த வழியே வேண்டாம்.

அப்புறம், ஐயாவிடம் ராணுவப் புள்ளி போட்ட தொப்பியோ கால்சட்டையோ இருந்தால் ஊரிலேயே விட்டுவிடுங்கள். அங்கே பொதுமக்கள் அதைப் போடுவது குற்றம்.

எந்த மாதம் நல்லது? பணம் எப்படி?
– கானாடுகாத்தான் வாசகர்

ஜனவரி முதல் மே வரை. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2024 ஜூலை 1-ஆம் தேதி பெரில் புயல் பக்கத்துக் கரியாக்கூ தீவைச் சூறையாடியது. பணம் கிழக்குக் கரீபியன் டாலர். ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று 1976-லிருந்து ஒரே கணக்கு. கரண்ட் நம்மூர் போல 230 வோல்ட்தான், பிளக் மட்டும் சதுரக் கால் வைத்த பிரிட்டிஷ் ரகம்.

மசாலா வியாபாரம் செய்கிறேன். ஜாதிக்காய் பார்க்கத்தான் அந்தத் தீவுக்கே போகிறேன். எங்கே பார்க்கலாம்?
– காரைக்குடி வாசகர்

அப்படிக் கேளுங்கள்! கொடியிலேயே ஜாதிக்காயைப் போட்டிருக்கிற நாடாயிற்றே. மேற்குக் கரையில் குயாவ் என்ற மீனவர் ஊரில் ஜாதிக்காய் பதப்படுத்தும் கூடம் இருக்கிறது. நம் கடையில் பழுப்பாகச் சுருங்கிக் கிடக்கிற ஜாதிபத்திரியை அங்கே காய்வதற்கு முன்பே பார்க்க வேண்டும். பழம் வெடித்ததும் கறுப்பு ஓட்டைச் சுற்றி ரத்தச் சிவப்பில் வலை பின்னியது போல இருக்கும். காய்ந்ததும்தான் நமக்குத் தெரிந்த நிறம். மேல் தோலைக்கூட வீணாக்காமல் ஜாம் செய்துவிடுகிறார்கள், ஒரு பாட்டில் வாங்கி வாருங்கள். 2004-இல் இவான் புயல் ஏராளமான ஜாதிக்காய் மரங்களைச் சாய்த்துவிட்டது. கன்று வைத்தால் காய்க்கவே 6, 7 வருஷம் ஆகிற மரம். விலை பேசும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

குயாவுக்குத் தலைநகர் செயின்ட் ஜார்ஜஸிலிருந்து மினிபஸ் உண்டு. இறங்கும் இடம் வந்தால் கூரையைத் தட்டினால் போதும்.

கவிச்சி சாப்பிடுகிறவர்களுக்கு அங்கே என்ன விசேஷம்?
– கண்டனூர் வாசகர்

அதே குயாவில்தான், சாயங்காலம் தெருவிலேயே மீன் சுட்டு, பொரித்துத் தருவார்கள். வெள்ளிக்கிழமைதான் அந்தக் கடைகள் போடுகிறார்கள். வெள்ளி விரதக்காரர் என்றால் மனைவியைச் சாப்பிடச் சொல்லிவிட்டு நீங்கள் வேடிக்கை பாருங்கள்.