வண்ண இலைச்செடி: மடிந்ததா, உறங்குகிறதா?

கேள்வி: நிழலிலேயே பல ஆண்டுகள் இருக்கும் என்று நர்சரியில் சொன்னதை நம்பி, ஆடி மாதம் தொட்டி 250 ரூபாய் வீதம் நான்கு கலேடியம் செடிகள் வாங்கித் தாழ்வாரத்தில் வைத்தேன். கார்த்திகையில் இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்துச் சாய்ந்தன. மார்கழியில் மண்தான் மிச்சம். கடைக்காரர் பணம் தர மறுக்கிறார். புகார் செய்யலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: புகார் எழுதுவதற்கு முன் தொட்டி மண்ணை விரலால் மெல்லக் கிளறிப் பாருங்கள், கொட்டிவிட வேண்டாம். கலேடியம் கிழங்கிலிருந்து வளரும் செடி. பகல் குறுகிப் பனி இறங்கும் மாதங்களில் அது இலைகளை உதிர்த்துவிட்டுக் கிழங்காக உறங்கும். வெயில் ஏறத் தொடங்கியதும் மீண்டும் துளிர்க்கும். கிழங்கு அழுத்தமாக இருந்தால் செடி உயிரோடுதான் இருக்கிறது. தண்ணீரை நிறுத்தி, சாரல் படாத இடத்தில் தொட்டியை வைத்து, பங்குனியில் மேல்மண்ணை மாற்றி நீர் விடுங்கள். கிழங்கு கொழகொழத்து நாற்றம் அடித்தால் அது அழுகிவிட்டது. நம் பகுதியில் கலேடியத்தை அதிகம் கொல்வது ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் என்பது என் அனுபவம்.

அழுகலுக்கு மண்ணும் காரணமாகலாம். வயலில் நெல்லுக்கு வரமாக இருக்கும் நம் களிமண், தொட்டிக்குள் இறுகி நீரைத் தேக்கிவிடுகிறது. மண், மணல், மட்கிய தொழு உரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து, இரண்டு கைப்பிடி கருக்கிய உமியும் சேர்த்தால் நீர் வடியும். தென்னை நார்க்கழிவு சேர்ப்பதானால் உப்பு போக இரண்டு மூன்று முறை அலசிவிட வேண்டும்.

இனி சட்டம். உறங்கும் செடியை விற்றது மோசடி ஆகாது. ஆனால் ஆண்டு முழுவதும் இலை நிற்கும் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தாலோ, கிழங்கு வாங்கும்போதே அழுகியிருந்தாலோ நிலைமை வேறு. 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில் கொடுக்காததும், குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படிக் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் நேர்மையற்ற வணிகமுறை. ஆடியில் வாங்கி மார்கழியில் கேட்பதால் உங்கள் கோரிக்கை வலுவாக இல்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

எப்போதும் வண்ணம் வேண்டுமென்றால் அக்லோனிமா வாங்கியிருக்கலாம். அது இலை உதிர்த்து உறங்குவதில்லை. பச்சை வகை இருண்ட மூலையிலும் தாங்கும். சிவப்பு வகைக்குச் சன்னலோர வெளிச்சமாவது வேண்டும். கோலியஸ் செடிக்குப் பணமே செலவழிக்க வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒரு கொழுந்தைக் கேட்டு ஒடித்து நட்டால் வேர்விடும், பூங்கதிரைக் கிள்ளிக்கொண்டே வந்தால் இலை செழிக்கும். குரோட்டன்ஸை மட்டும் நிழலுக்கென்று விற்றால் நம்பாதீர்கள். வெயில் குறைந்தால் அதன் நிறம் மங்கிப் பச்சையாகிவிடும்.

வாங்கும்போது நிறத்தைப் பார்ப்பதைவிட இலையின் அடிப்புறத்தைப் புரட்டி மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பதும், தொட்டியின் அடியில் வேர் வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்ப்பதும் முக்கியம். ஆந்திரத்தின் கடியம் போன்ற இடங்களிலிருந்து நேற்று லாரியில் வந்திறங்கிய செடியைவிட, கடையில் பதினைந்து நாள் தங்கிப் புதுத்துளிர் விட்ட செடி மேலானது. குழந்தைகளோ ஆடுகளோ உள்ள வீடானால் கூடுதல் கவனம் தேவை: கலேடியமும் அக்லோனிமாவும் கருணைக்கிழங்கின் குடும்பம், இலையைக் கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும்.

கேள்வி: இணையத்தில் "நீல ஹோஸ்டா, நிழலில் பல்லாண்டு வளரும்" என்று அழகான படம் போட்டு விற்ற விதையை 600 ரூபாய்க்கு வாங்கினேன். முளைத்தவை ஏதோ கீரை போல இருக்கின்றன. விற்பனையாளர் பதில் தருவதில்லை. (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: கிழக்காசியாவைச் சேர்ந்த ஹோஸ்டா, குளிர்காலத்தில் பல வாரம் நல்ல குளிரில் உறங்கினால்தான் அடுத்த பருவம் சரியாகத் துளிர்க்கும், நாகையில் அந்தக் குளிர் கிடையாது. அதன் நீலம் என்பது இலைமேல் படியும் மெழுகுப் பூச்சினால் வரும் சாம்பல் கலந்த நிறமே. மயில் கழுத்து நீலத்தில் இலை காட்டும் படம் திருத்தப்பட்டது. உண்மையான விதையே வந்தாலும் தாய்ச்செடியின் நிறம் பெரும்பாலும் வராது.

இங்கே உங்கள் பக்கம் வழக்கு வலுவாக இருக்கிறது. விளம்பரத்தோடு பொருந்தாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020 ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. விளம்பரப் பக்கம், ரசீது, முளைத்த செடி ஆகியவற்றின் படங்களோடு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதை உறுதி செய்து, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. முளைத்தவற்றைப் பிடுங்கி எறியாமல் வைத்திருங்கள். அவையே உங்கள் சாட்சி.