சலமங்காவில் 8 வார ஸ்பானிஷ் வகுப்பு: விசா வேண்டுமா?

ஸ்பெயினின் சலமங்கா நகரில் படிக்க 'மாணவர் விசா' வேண்டும் என்று ஏஜென்ட் பணம் கேட்கிறார், உண்மையா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மலேசியக் கடப்பிதழ் இருந்தால் ஷெங்கன் நாடுகளில் (ஸ்பெயின் உட்பட, தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளிலும் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். உங்கள் 8 வாரம் 56 நாள்தான். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூர் தூதரகத்துக்கு அலைய வேண்டியதில்லை, ஏஜென்ட் கேட்கும் 'மாணவர் விசா' பணத்தையும் கொடுக்காதீர்கள்.

90 நாளைத் தாண்டும் படிப்புக்கான விதியை அவர் உங்களுக்கும் பொருத்திப் பார்க்கிறார் போலிருக்கிறது. (தெரிந்தே சொல்கிறாரோ என்னவோ!)

டிக்கெட்டை எடுத்துவைத்து எண்ணிப் பாருங்கள்: இறங்கும் நாள், கிளம்பும் நாள் இரண்டும் கணக்கு. வகுப்பு முடிந்து பாரிஸ், ரோம் சுற்றினாலும் அதே 90-க்குள்தான்.

கடப்பிதழ், நீங்கள் ஷெங்கன் நாடுகளை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு 3 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பள்ளியின் சேர்க்கைக் கடிதம், தங்குமிட முகவரி, திரும்பும் டிக்கெட் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், குடிநுழைவில் கேட்கலாம்.