குச்சிப் புல் தின்றால் கொழுப்பு ஏன் இறங்குகிறது?

கேள்வி: ஆறு கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். காய்ந்த புல்லைக் கட்டிலிருந்து உருவி அப்படியே போட்டுவந்தேன். பாதியை மிதித்து வீணாக்கியதால், ஒரு மாதமாக அரைத்துக் குச்சியாக அழுத்திய புல் தருகிறேன். நன்றாகத் தின்கின்றன, பால் அளவும் குறையவில்லை. ஆனால் பாலின் கொழுப்பு 4.2 சதவீதத்திலிருந்து 3.3-க்கு வந்துவிட்டது. குச்சி விற்ற கடைக்காரர் கொழுப்பு ஏற ஒரு டானிக் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். குச்சியை விற்றவரே அதனால் வந்த குறைக்கு மருந்தும் விற்கிறார். அவருக்கு இரட்டை லாபம், உங்களுக்கு இரட்டைச் செலவு.

அரைத்த புல் வயிற்றில் தங்காமல் ஓடிவிடும். அதனால்தான் கூடுதலாகத் தின்கின்றன. மெல்ல வேலையில்லை என்றால் எச்சிலும் ஊறாது. கறவை மாடு ஒரு நாளில் 100 லிட்டருக்கு மேல் எச்சில் விழுங்கும்; அதிலுள்ள சோடா உப்புதான் முதல் வயிற்றின் புளிப்பை அடக்குகிறது. புளிப்பு ஏறினால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் சுணங்கி, பால் கொழுப்புக்கு வேண்டிய அசிட்டிக் அமிலம் குறையும்.

டானிக்கை விடுங்கள். உங்கள் மாடுகள் அசைபோடுகின்றனவா? நீங்கள் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான். தின்று முடித்து, படுத்து ஓய்ந்த பிறகு ஒரு மாட்டின் கழுத்தையே பாருங்கள். ஒரு உருண்டை மேலேறி வாய்க்கு வரும். அது மறுபடி இறங்கும்வரை தாடை எத்தனை தடவை அசைகிறது என்று எண்ணுங்கள். 50, 60 என்றால் சரி. 40-ஐக்கூடத் தொடவில்லை என்றால் நார் போதவில்லை. படுத்திருக்கும் மாடுகளில் பாதியாவது அசைபோட வேண்டும். என்னிடம் யார் வந்தாலும் முதலில் இதைத்தான் எண்ணச் சொல்வேன், பலர் சிரிப்பார்கள். காசில்லாத பரிசோதனை என்றால் அப்படித்தான்.

பழைய நீளப் புல்லுக்குத் திரும்புங்கள், ஆனால் 3 முதல் 5 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி. ரொம்பப் பொடியாக்கினால் மறுபடி குச்சிக் கதைதான். பத்து நாளில் படிப்படியாக மாற்றுங்கள். தவிடு, புண்ணாக்கு போன்ற அடர்தீவனத்துக்கு முன்னால் புல்லைப் போடுங்கள். மிதிப்பது புல்லின் குற்றமல்ல, தொட்டியின் குற்றம்: தலை மட்டும் நுழையும்படி கம்பி அடித்து, நாலு தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் போதும்.

ஆறில் புதிதாக ஈன்ற மாடு இருந்தால் மாற்றத்தை அதிலிருந்து தொடங்குங்கள். சாணம் நீர்த்து நுரையாக வந்தாலோ, நடை நொண்டினாலோ தள்ளிப்போடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.