நுரையீரலைச் சுற்றிக் கோத்த நீரை ஊசி வைத்து எடுத்துவிட்டால் போதாதா?

அப்பாவுக்கு இதயம் பலவீனம், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது, டாக்டர் ஊசி வைத்து எடுக்காமல் மாத்திரையே கொடுக்கிறாரே என்று கேட்டிருக்கிறீர்கள். என் அம்மாவுக்கும் இதேதான். படுத்தால் மூச்சு முட்டும். மூன்று தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுத்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருப்பார்.

இதயம் ரத்தத்தைத் தள்ளத் திணறும்போது பின்னால் இருக்கும் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் கசிகிறது. அந்த அழுத்தம் இருக்கும்வரை, எடுத்தாலும் மறுபடி கோக்கும். அதனால்தான் முதலில் நீர் பிரிய மருந்து. அம்மாவுக்கு ஃபுரோசமைடை நரம்பில் போட்டார்கள். அரை மணி நேரத்துக்குள் சிறுநீர் தாராளமாகப் போக ஆரம்பித்தது. இடது பக்க நீர் அதிலேயே வடிந்துவிட்டது.

வலது பக்கம் நான்கு நாளாகியும் குறையவில்லை. அப்புறம்தான் ஊசி. மேசைமேல் தலையணை வைத்து, அதில் கைகளை மடக்கிக் குனிந்து உட்காரச் சொன்னார்கள். ஸ்கேனில் இடம் பார்த்து, முதுகில் மரத்துப்போக மருந்து போட்டுவிட்டு எடுத்தார்கள். வெளிர் மஞ்சள் நீர், ஒன்றேகால் லிட்டர். இருமல் வந்ததும் நிறுத்திவிட்டார்கள். இன்னும் இருக்கிறதே என்று நான் பதறினேன். ஆனால் ஒரே தடவையில் பொதுவாக ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுப்பதில்லை. அமுங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கோத்துக்கொள்ளலாம்.

நீர் ஒரு பக்கம் மட்டும் இருந்தாலோ, காய்ச்சலோ நெஞ்சு வலியோ இருந்தாலோ, வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கவும் ஊசி வைத்து எடுத்துப் பரிசோதிப்பார்கள். அப்பாவுக்கு அப்படி ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மூச்சு விடவே முடியாமல் போனால் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குக் கூட்டிப்போங்கள்.

ஆறு மாதம் கழித்து அம்மாவுக்கு மறுபடி கோத்தது. மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக் மாத்திரையை ஒரு வாரம் போட்டிருக்கிறார். அந்த வகை மாத்திரை உப்பையும் நீரையும் உடம்பிலேயே தங்க வைக்கும். எனக்கு அது தெரியாமல் போனது இன்றும் வலிக்கிறது. நீர் பிரியும் மருந்தில் பொட்டாசியம் குறையலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டவே வேண்டாம்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடுமுன் அம்மாவின் எடையைப் பார்த்து காலண்டரில் எழுதுகிறோம். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால், மூச்சு வாங்கும்வரை காத்திருக்காமல் டாக்டருக்குப் போன். அப்பாவை டிஸ்சார்ஜ் செய்யும் அன்று என்ன எடை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதை வைத்துத்தான் ஏறியதா இல்லையா என்று பார்க்க வேண்டும்.