பூம் பிடிக்கிற கை ஏன் நடுங்குகிறது?

வேலூர் பக்கம் குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் லைவ் சவுண்டுக்கு, அதாவது டப்பிங் இல்லாமல் படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவதற்கு, வந்துவிட்டார்கள். நடிகர் தலைக்கு மேலே மைக்கை நீட்டுகிற நீளமான ராடுதான் பூம். அதைப் பிடிக்கிறவர்களுக்குத் தோள் வலியும் சேர்ந்தே வந்துவிட்டது. காட்பாடியில் இருந்துகொண்டு பல வருஷமாக பூம் பிடிக்கிறவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள்.

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி: நாலு நிமிஷ டேக்கில் ரெண்டாவது நிமிஷமே கை நடுங்குது அண்ணா. ஜிம்முக்குப் போனா சரியாகுமா?

போ, நல்லதுதான். ஆனால் கோளாறு கையில் இல்லை தம்பி, கணக்கில் இருக்கிறது. மைக், அதை அதிராமல் தாங்குகிற ஷாக் மவுண்ட், காற்றுச் சத்தத்தைத் தடுக்கிற முடி உறை எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ என்று வை. அது முன்கையிலிருந்து, அதாவது ராடை முன்னால் பிடிக்கிற கையிலிருந்து, 3 மீட்டர் தள்ளித் தொங்குகிறது. பின்கை முன்கைக்கு 60 செ.மீ. பின்னால் இருந்தால், அந்தக் கை 2.5 கிலோ அளவுக்குக் கீழே இழுக்க வேண்டும், முன்கை 3 கிலோ தாங்க வேண்டும். ராடின் எடையை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. கைகளுக்கு நடுவே 1 மீட்டர் விட்டுப் பார். பின்கைக்கு 1.5 கிலோ, முன்கைக்கு 2 கிலோ. அதே மைக்தான், அதே ராடுதான்.

அடுத்தது முழங்கை. அதை மடக்கி நெஞ்சுக்கு நேரே பிடித்தால் எடை முழுக்கத் தசைக்குப் போகிறது. இறுகி நிற்கிற தசைக்குள் இரத்த ஓட்டம் குறையும், அதனால்தான் அசையாமல் பிடிப்பது அவ்வளவு சீக்கிரம் களைக்க வைக்கிறது. இரண்டு கையையும் தலைக்கு மேலே நேராக நீட்டி, ராடைப் படுக்கையாகப் பிடி. இப்போது எடை எலும்பு வழியாகக் கீழே இறங்கும். முழங்கையை விறைப்பாகப் பூட்டாதே, லேசாகத் தளர்த்தி வை. புளியமரத்தில் தொரட்டி போடுகிறவரைக் கவனித்திருக்கிறாயா? கோலை உடம்புக்கு நேர் மேலே வைத்துத்தான் வேலை செய்வார், முன்னால் நீட்டிக்கொண்டு நிற்க மாட்டார்.

ஆம்பூர்: வாடகைக்கு அலுமினிய ராடுதான் கிடைக்குது. கார்பன் ஃபைபர் வாங்கியே ஆகணுமா?

காசு இருந்தால் வாங்கு, வித்தியாசம் தெரியும். இல்லையென்றால் முதலில் நுனியைக் குறை. நுனியில் இருக்கிற 100 கிராம் கைப்பக்கம் இருக்கிற 100 கிராம் மாதிரி இல்லை. வீட்டுக்குள் காற்றில்லாத இடத்தில் அந்தப் பெரிய முடி உறை எதற்கு? நுரை உறையே போதும். கூடவே, பின்கைக்குப் பின்னாலும் கொஞ்சம் ராடு நீண்டிருக்கட்டும். வள்ளிமலைக்குக் காவடி எடுக்கிறவர் தோளில் பார்க்கிற சமநிலைதான் இதுவும். சுவரில் மட்டும் இடிக்காமல் பார்த்துக்கொள்.

குடியாத்தம்: நான் அஞ்சடி உயரம்தான். ஃப்ரேமுக்கு மேலே எட்டணும்னு எக்கி எக்கி முதுகு போச்சு.

எக்காதேம்மா, ஏறி நிற்கிற மரப்பெட்டி இருக்கும், ஆப்பிள் பாக்ஸ் என்பார்கள், அதைக் கேள். கேட்கக் கூச்சப்பட்டு நிற்கிறவர்கள்தான் அதிகம். உட்கார்ந்து பேசுகிற காட்சி என்றால் மைக்கைக் கீழேயிருந்து மேல்நோக்கிக் காட்டியும் எடுக்கலாம், ராடு இடுப்பளவில் இருக்கும். குரலில் நெஞ்சு அதிர்வு கொஞ்சம் கூடும். ரெக்கார்டிஸ்ட் சரி என்றால் செய்.

இராணிப்பேட்டை: மே மாசம் பாலாற்று மணலில் ஷூட் அண்ணா.

ஐயோ. வெயிலூர் என்று நம்மைக் கிண்டல் செய்வது சும்மாவா! முடிந்தால் காலை 10 மணிக்குள் வசனக் காட்சிகளை முடிக்கச் சொல்லிப் பார். மணலில் கால் புதைந்தால் தோளுக்கு முன்னால் கெண்டைக்கால் தளரும், அதனால் ஒரு பலகை போட்டு நில். மெல்லிய பருத்திக் கையுறை போடு. ராடு சுடாது, வழுக்காது, உரசல் சத்தமும் குறையும். தாகம் எடுக்கக் காத்திராமல் உப்புப் போட்ட நீர்மோர் குடித்துக்கொண்டே இரு.

வேலூர்: லைட்டிங் பேசி முடிக்கிற வரைக்கும் பூமைத் தூக்கிட்டே நிக்கச் சொல்றாங்க.

பாதிக் களைப்பு இங்கேதான். ஒரு தடவை வெட்டவெளியில் ஒரு படப்பிடிப்பு. நிழல் விழுகிறதா பார்க்கிறோம் என்று என்னை முக்கால் மணி நேரம் தூக்க வைத்தார்கள். டேக் தொடங்கும்போது மைக் ஃப்ரேமுக்குள் இறங்கிவிட்டது. திட்டு எனக்குத்தான். அதிலிருந்து, நிழல் பார்க்க ஒரு நிமிஷம் காட்டுவேன், அப்புறம் ராடைச் செங்குத்தாகக் காலடியில் ஊன்றிவிடுவேன். ஒலிப்பதிவைத் தொடங்கச் சொல்கிற 'ரோல் சவுண்ட்' குரல் கேட்டால்தான் மேலே போகும். இதை உதவி இயக்குநரிடம் காலையிலேயே சிரித்த முகமாகச் சொல்லிவிட வேண்டும், களைத்த பிறகு சொன்னால் சண்டையாகிவிடும். நடிகர் அசையாத ஷாட்டில் ஸ்டாண்டில் ராடை மாட்டிவிடு, அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. வசனத்தையும் மனப்பாடம் செய். அடுத்து யார் பேசுவார் என்று தெரிந்தவன் பதறித் திருப்ப மாட்டான்.

திருப்பத்தூர்: விரல் மரத்துப் போகுது, ராத்திரியும் வலிக்குது.

இது களைப்பு இல்லை. பூமை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு எலும்பு மருத்துவரைப் பார். தைலம் தேய்த்துச் சமாளிக்காதே.

மறுபடி காட்பாடித் தம்பி: வீட்டில் எப்படிப் பழகறது?

ஒட்டடைக் கம்பு நுனியில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டு. டிவியில் விவாத நிகழ்ச்சி போட்டு, பேசுகிறவர் பக்கம் கம்பைத் திருப்பிக்கொண்டே இரு. முதல் வாரம் ஒரு நிமிஷம் தூக்கினால் இரண்டு நிமிஷம் ஓய்வு. நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தால் இறக்கி வைத்துவிடு.