சித்தியவான் தம்பிக்கு, கயாக் பற்றி

தம்பி, 2,000 ரிங்கிட்டுக்குள், முக்குளிக்கவும் தூண்டில் போடவும் ஒரே கயாக், அதாவது துடுப்புப் போடும் சிறு படகு, கேட்டிருக்கிறீர்கள். நண்பரிடம் இரவல் வாங்கியது லுமுட்டில் கவிழ்ந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அது உள்ளே கால் நீட்டி உட்காரும் வகையாக இருந்திருக்கும். கவிழ்ந்தால் தண்ணீர் நிரம்பிவிடும், கடலில் இறைப்பது பெரும்பாடு.

மேலே உட்காரும் வகையை வாங்குங்கள். ஏறும் தண்ணீர் அடித்துளைகள் வழியே தானாக வடிந்துவிடும். அகலம் 80 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. நீளம் 3 முதல் 3.5 மீட்டர் போதும். அகலமானது மெதுவாகத்தான் போகும், பரவாயில்லை, நீங்கள் பந்தயத்துக்கா போகிறீர்கள்? முக்குளிக்கும்போது மூச்சுவிடும் காற்று சிலிண்டர் மட்டுமே 15 கிலோ வரும். அப்புறம் ஈயக்கட்டி, ஐஸ் பெட்டி, மீன். அதனால் 150 கிலோவுக்கு மேல் தாங்குவதாகப் பாருங்கள்.

பழையது கிடைத்தால் நல்லதுதான். மூடியைத் திறந்து, படகின் வெற்றுக்கூட்டுக்குள் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, அடித்துளைகளைச் சுற்றிக் கசிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். நான் பார்க்காமல் வாங்கி, ஒட்டுப் போட்டே ஒரு வருடம் ஓட்டினேன்.

சிலிண்டரோடு ஏற முயலாதீர்கள். தண்ணீரிலேயே கழற்றிக் கயிற்றில் கட்டிவிட்டு, வயிற்றால் ஏறி, பிறகு இழுத்துக்கொள்ளுங்கள். முதலில் கரையோரம், இடுப்பளவு தண்ணீரில் பழகுங்கள்.